மெத்தைக் கடைக்கு எதிரே

ஜூன் 4

அன்புள்ள அண்ணாவுக்கு வாண்டு எழுதுவது.

இங்கே நான், உன் மாப்பிள்ளை, பாப்பா மூன்று பேரும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கண் எரிகிறது என்று எழுதியிருந்தாயே, காட்டினாயா? ஊர்க்கண்ணுக்கெல்லாம் லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிற ஆள் தன் கண்ணைக் கவனிக்க மாட்டேன் என்றால் யார் என்ன செய்வது! பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தால் எப்போதும் நீ கடையில் இருப்பதாகவே சொல்கிறார்கள். அதனால்தான் பழையபடி காகிதத்தை எடுத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். அக்டோபரோடு அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் எனக்கு எட்டு நாள் லீவு கிடைக்கும்போல் இருக்கிறது. அப்பாவை நீ கூட்டிக்கொண்டு போனாயே, வடக்கே அந்தப் பழைய தலைநகரம், அங்கே போய் நாலு நாள் தங்கிவிட்டு வரப்போகிறேன். தனியாகத்தான். பாப்பாவை இவர் பார்த்துக்கொள்வார்.

முப்பத்து மூன்று வருஷம் கரும்பலகையில் அந்தக் கோட்டையை வரைந்து காட்டிய சரித்திர வாத்தியார், கடைசியில் உன் தயவில்தான் அதை நேரில் பார்த்தார். மறதி முற்றி, சொந்த வீட்டு வாசலே தெரியாத ஆளை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போக யாருக்கு மனசு வரும்? நான் கோட்டையைப் பார்க்க மட்டும் போகவில்லை அண்ணா. கூட்டத்தில் தவறிப்போன அப்பாவை மூன்று நாள் வைத்துச் சோறு போட்டார்களே, அந்த மெத்தைக் கடைக்காரர் குடும்பம், அவர்கள் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நீ சோறு தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தேடி அலைந்த தெருக்களில் நானும் ஒரு தடவை நடக்க வேண்டும்.

எந்த ரயில், எந்த லாட்ஜ், குளிருமா, மெத்தைக் கடை எந்தத் தெரு, எல்லாம் விவரமாக எழுது.

அன்புடன்,
வாண்டு


ஜூன் 23

அன்புள்ள வாண்டுவுக்கு அண்ணன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. மூவரும் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம். கண் எரிச்சல் குறைந்துவிட்டது. புதிதாக ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

நீ போவது நல்லதுதான். நேர் ரயில் கிடையாது. ஜங்ஷனில் இறங்கி மூன்று மணி நேரம் காத்திருந்து மாற வேண்டும். இரண்டாவது ரயிலில் இடது பக்கம் ஜன்னல் கிடைத்தால் விடாதே. ஆறு தெரிய ஆரம்பித்ததும் கோட்டையும் கூடவே வரும். லாட்ஜ் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில். மூன்றாவது மாடி மூலை அறையைக் கேள். மற்ற அறைகளில் எல்லாம் ரயில் சத்தம் மண்டையைப் பிளக்கும். வெந்நீர் காலை எட்டு மணி வரைதான். அக்டோபர் என்றால் ஒரு ஸ்வெட்டர் போதும். கோட்டைக்குக் காலையில் போ. வெயில் ஏறினால் தரைக்கல் சுடும், செருப்பையும் மீறிச் சுடும்.

கோட்டைக்குள் இருக்கிற கோபுரத்தை மட்டும் விட்டுவிடாதே. நூற்று நாற்பத்திரண்டு படி. பாதியில் சுவரோரம் ஒரு மாடம் இருக்கிறது, மூச்சு வாங்கினால் அங்கே உட்கார்ந்துகொள். மேலே போய்விட்டால் காற்று சட்டையைப் பலூன் மாதிரி உப்ப வைக்கும். ஊர் முழுக்கக் காலடியில் கிடக்கும். யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள்.

அந்த மூன்று நாள் கதையைப் போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே. அதில் ஒன்றும் இல்லை.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பாப்பாவுக்கு முத்தம்.

அண்ணன்


ஜூலை 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், பாப்பாவின் முன்பல் இரண்டும் விழுந்ததைத் தவிர. உன் சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதே.

உன் கடிதத்தைப் படித்ததும் நேற்றே மூட்டை கட்டிவிடலாம் போல் இருந்தது. மூலை அறை, இடது ஜன்னல், எல்லாம் குறித்துக்கொண்டேன். ஆனால் நான் முக்கியமாகக் கேட்டதை விட்டுவிட்டாயே! மெத்தைக் கடை எந்தத் தெரு?

இன்னொன்று. அப்பாவா நூற்று நாற்பத்திரண்டு படி ஏறினார்? வீட்டில் மூன்று படி இறங்க உன் தோளைப் பிடிப்பாரே! கோட்டை என்றதும் காலில் தெம்பு வந்துவிட்டதா? “வாத்தியார் கோட்டைக்குள்ள போயிட்டாருன்னா மணி அடிச்சாலும் வெளிய வரமாட்டாரு” என்று அவருடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேலி செய்வார்களே, ஞாபகம் இருக்கிறதா?

கதையைச் சொல்லாதே என்கிறாய். எக்ஸ்ரே அறையில் நாள் முழுக்க “மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க” என்றே சொல்லிக்கொண்டிருக்கிறவளுக்கு வேறு என்ன பேச இருக்கிறது? எங்கள் தலைமை நர்ஸ் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பெத்தா இப்பிடி ஒரு புள்ளையப் பெக்கணும்” என்றார். ஊர் மெச்சுகிறது, நீ வெட்கப்படுகிறாய்.

தெருவை எழுது. மறக்காதே.

வாண்டு


ஆகஸ்ட் 18

அன்புள்ள வாண்டுவுக்கு,

நலம். நலம் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் மிஷின் பழுது, கையால் தேய்க்க வேண்டியதாயிற்று.

அப்பா கோபுரம் ஏறவில்லை. அவரைக் கீழே நிழலில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். சொல்ல விட்டுப்போயிற்று.

மெத்தைக் கடை இருந்த சந்து முழுவதையும் இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. ரோடு அகலப்படுத்துகிறார்களாம். அந்தப் பக்கம் போய்வந்த ஒருவர் சொன்னார். அந்தக் குடும்பம் எங்கே போயிற்றோ தெரியாது. அதைத் தேடி உன் நாலு நாளையும் வீணடிக்காதே. அதற்குப் பதிலாகச் சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போ. பெரிய படித்துறையிலிருந்து அக்கரைக்குப் படகு போகும். அக்கரையில் பழைய ராணி ஒருத்தியின் தோட்டம், கல்லறை. அந்த நேரத்தில் போனால் கல்லறைச் சுவரில் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்து உச்சியில் கொஞ்ச நேரம் நின்று அணையும். திரும்பும்போது படகுக்காரரிடம் நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தச் சொல். பாஷை வேண்டாம், கையைக் காட்டினால் நிறுத்துவார். தண்ணீர்ச் சத்தம் மட்டும் இருக்கும். நான் அதுபோல ஒன்றை

அதைப் போய்ப் பார். போதும்.

அண்ணன்


செப்டம்பர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கடிதத்தில் ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டிருந்தாய். தூக்கக் கலக்கமா?

உனக்கு ஒரு நல்ல செய்தி. உனக்குச் சொன்ன ஆள் சரியாகப் பார்க்கவில்லை. சந்து அப்படியேதான் இருக்கிறது! எப்படித் தெரியும் என்கிறாயா? அப்பாவின் பழுப்பு ஸ்வெட்டரை நீதானே என்னிடம் கொடுத்தாய். எடுத்து வெயிலில் போடும்போது உள்பையில் ஒரு அட்டைத் துண்டு. மெத்தைக் கடைக்காரர் தன் விலாசத்தை எழுதி வைத்திருக்கிறார். மறுபடி தவறினால் யாராவது பார்க்கட்டும் என்று வைத்தாரோ என்னவோ! உடனே ஆங்கிலத்தில் நாலு வரி எழுதிப் போட்டேன். மூன்றே வாரத்தில் பதில். அவருடைய மருமகள் எழுதியிருக்கிறாள், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாளாம். கட்டாயம் வர வேண்டுமாம். உங்கள் அப்பாவை எங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, உங்கள் அண்ணனையும் ஞாபகம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள்.

அண்ணா, ராணியின் தோட்டத்தைப் பற்றி நீ எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். இவர்தான் கேட்டார், “ரெண்டாம் நாளே அப்பா காணாமப் போயிட்டாரு, கெடச்ச மறுநாளே கெளம்பிட்டாங்க, அப்ப படகுல எப்பப் போனாரு?” என்று. எனக்கு அப்புறம்தான் உறைத்தது. தேடிக்கொண்டே அக்கரை வரைக்கும் போயிருக்கிறாய். அந்த அலைச்சலிலும் சுவரில் வெளிச்சம் ஏறியதைப் பார்த்திருக்கிறாய் பார். படித்துப் படித்து அழுதேன்.

அக்டோபர் பதினோராம் தேதி கிளம்புகிறேன்.

வாண்டு


செப்டம்பர் 20

வாண்டு,

சுகம்தானே. அவசரமாக எழுதுகிறேன். இந்த வருஷம் வேண்டாமே. அந்தப் பக்கம் காய்ச்சல் பரவுகிறதாகப் பேப்பரில் வந்திருக்கிறது. பாப்பா சின்னவள், நீ எதையாவது ஒட்டிக்கொண்டு வந்தால் கஷ்டம். கட்டாயம் போயே ஆக வேண்டும் என்றால் நானும் வருகிறேன். பாஷை தெரியாத ஊரில் நீ தனியாக எப்படி? அந்தச் சந்துக்கு நான்தான் வழிகாட்ட வேண்டும். நான் இல்லாமல் நீ அங்கே போகாதே.

அந்த மருமகள் வேறு என்ன எழுதியிருக்கிறாள்? அவள் கடிதத்தை ஒரு எழுத்து விடாமல் காப்பி செய்து அனுப்பு.

அண்ணன்


செப்டம்பர் 28

என் தங்கமான அண்ணாவுக்கு,

நலம். உன் கடிதத்தைப் பார்த்துத் துள்ளிக் குதிக்காத குறை. காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தெரியாத காய்ச்சலா? நீ வருகிறாய், அதுதான் முக்கியம். நாம் இரண்டு பேரும் சேர்ந்து ரயில் ஏறி எத்தனை வருஷம் ஆயிற்று! உனக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன், இத்துடன் வைத்திருக்கிறேன். பதினோராம் தேதி காலை ஜங்ஷனில் இரண்டாவது பிளாட்பாரத்தில் டீக்கடை பக்கம் நில். இரண்டாவது ரயிலில் இடது ஜன்னலுக்கு உன்னோடு சண்டை போடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

மருமகளின் கடிதத்தில் நான் எழுதியதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. கடைசியில், உங்கள் அண்ணன் சுகமா என்று என் மாமியார் கேட்கச் சொன்னார் என்று இருக்கிறது. அவ்வளவுதான். மூன்று நாள் தேடி இளைத்துப் போன முகத்தை அவர்களால் மறக்க முடியவில்லை போலிருக்கிறது. உன்னை அவர்கள் முன்னால் நிறுத்தி, இவன் கூடப் பிறந்தவள் நான் என்று சொல்லப்போகிறேன். உனக்குக் கூச்சமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்.

வாண்டு


அக்டோபர் 7

வாண்டு,

வர முடியவில்லை. முதலாளி லீவு தரவில்லை. டிக்கெட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஜங்ஷனில் எனக்காகக் காத்திருக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


அக்டோபர் 11

அன்புள்ள வாண்டுவுக்கு,

நீ இப்போது ஜங்ஷனில் இருப்பாய். இதை லாட்ஜ் விலாசத்துக்கு எழுதுகிறேன். மெத்தைக் கடைக்குப் போவதற்கு முன்னால் உன் கையில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் எழுதித்தான் ஆக வேண்டும். முதலாளி லீவு மறுக்கவில்லை. நான் கேட்கவே இல்லை.

அப்பா என் கையை விட்டுப் போனது உண்மை. கோட்டை வாசலில் ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டு டிக்கெட் வரிசையில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் கல் மட்டும் இருந்தது. அன்று நான் தேடியதும் உண்மை. கண்ணில் பட்டவர்களிடம் எல்லாம் அவர் உயரத்தைக் கையால் காட்டிக் காட்டிக் கேட்டேன். ஒரு செருப்பு அறுந்து போய், ஒற்றைச் செருப்போடு அலைந்தேன். அதோடு உண்மை முடிந்தது. மற்றதெல்லாம் பொய்.

அன்று பொழுது சாயும்போதே அவரைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்தச் சந்தில் பஞ்சடிக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். அடுக்கி வைத்த புது மெத்தைகளின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். வாய் ஓயாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு அம்மா ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். என் கையால் கொடுத்தால் துப்புவார், வாண்டு. அங்கே சிரித்துக்கொண்டே வாங்கினார்.

தெருவைக் கடக்க வேண்டும். பத்துத் தப்படிகூட இருக்காது. எதிரே ஒரு தண்ணீர்க் குழாய், பக்கத்தில் சுவர். ஐந்து நிமிஷம் சாய்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் கால் தானாக லாட்ஜ் பக்கம் திரும்பிவிட்டது.

நாலு வருஷம் நான் முழுதாகத் தூங்கியதில்லை. அவர் எழுந்து தெருவில் இறங்கிவிடக் கூடாதே என்று அவர் மணிக்கட்டையும் என் மணிக்கட்டையும் ஒரு துண்டால் முடிந்துகொண்டுதான் படுப்பேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஏனென்றால் அடுத்த நாள் மத்தியானம் எழுந்தபோது எனக்கு அப்பா ஞாபகம் வரவில்லை. பசிதான் வந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். இன்னொரு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். சந்துக்குப் போய்க் குழாயடியில் நின்று பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தார். பிறகு கோபுரம் ஏறினேன். சாயங்காலம் படகில் போனேன். படகுக்காரர் ஏதோ சொன்னார், புரியாமலே சிரித்தேன். சந்தோஷமாக இருந்தேன். அதுபோல ஒரு நாளை என் வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. அந்தக் கடிதத்தில் பாதியில் விட்ட வாக்கியம் அதுதான்.

மூன்றாம் நாள் பொழுது சாய்ந்துதான் தெருவைக் கடந்தேன். கடப்பதற்கு முன்னால் தலையைக் கலைத்துக்கொண்டேன். சட்டைப் பொத்தானைக் கழற்றி மாற்றிப் போட்டுக்கொண்டேன். தேடிக் களைத்த ஆள் மாதிரி தெரிய வேண்டும் அல்லவா? போலீசுக்குப் போகவே இல்லை. உள்ளே போனதும் அழுதேன். அழுகை வேஷம் இல்லை. ஆனால் எதற்காக அழுதேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நீ அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பொத்தான்தான் ஞாபகம் வரும்.

அண்ணன்


அக்டோபர் 16

அண்ணாவுக்கு,

உன் கடிதம் இன்று காலை லாட்ஜில் கொடுத்தார்கள். நேற்றே நான் மெத்தைக் கடைக்குப் போய் வந்துவிட்டேன்.

மெத்தைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். புருவம், மூக்கு நுனி எல்லாம் பஞ்சு. அவர் மனைவி என் கையை விடவே இல்லை. நான் பேசுவதையும் அவர்கள் பேசுவதையும் மருமகள்தான் மாற்றி மாற்றிச் சொன்னாள். நான் வழக்கம்போல ஆரம்பித்தேன், மூன்று நாள் அலைந்தான், சோறு தண்ணீர் இல்லை என்று. மருமகள் பாதியில் நிறுத்திவிட்டாள். உங்கள் அண்ணன் முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டாரே என்றாள். மூன்றாம் நாள்தானே என்றேன். அவள் ஒரு விரலை நீட்டினாள். அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று. வெளியே கூட்டிப் போய்க் குழாயையும் காட்டினாள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. உன்னைக் கூப்பிடலாம் என்று அந்த அம்மா சொன்னாராம். மெத்தைக்காரர்தான், “விடு, அவரு நிக்கிறதப் பாரு. அவராவே வருவாரு” என்று தடுத்துவிட்டாராம். அடுத்த நாள் நீ மறுபடி வந்து நின்றபோது, எதிரே நிற்கிறவருக்கு நன்றாகத் தெரியட்டும் என்று அப்பாவை இரண்டு மெத்தை முன்னால் நகர்த்தி உட்கார வைத்திருக்கிறார்கள்.

அப்பா உன்னைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தாராம். முதல் நாளே உன் பக்கம் கையை நீட்டி ஏதோ சொன்னாராம், அதிலிருந்துதான் நீ அவர் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரிந்ததாம். அந்த அம்மா அந்தச் சத்தத்தைச் சொல்லிக் காட்டப் பார்த்தார். எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதாக உனக்கு ஆறுதலுக்கு எழுத மாட்டேன். பொய் போதும்.

நேற்று முழுக்க உன் மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். கொண்டுபோன கம்பளிச் சால்வையை அவர்களிடம் கொடுத்தபோது கை கூசியது. உன் கடிதத்தைப் படித்ததும் அப்படியே ஆறிப்போய்விட்டது என்று நினைக்காதே. படகில் சிரித்தாயே, அதை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நின்ற நிலை என்றால் எப்படி என்று மெத்தைக்காரரைக் கேட்டேன். அவர் எழுந்து போய் அந்தச் சுவரிலேயே நின்று காட்டினார். முழங்கையைச் சுவரில் ஊன்றி, நெற்றியை அதில் வைத்து, ஒரு காலில் செருப்பு இல்லாதது தெரிய அந்தக் காலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு. தெருவில் போனவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த நாலு வருஷத்தில் நான் ஒரு தடவை வந்தேன். இரண்டு நாள். வந்த அன்றே அப்பாவின் மணிக்கட்டில் தழும்பைப் பார்த்துவிட்டு, “கட்டிப் போடறியா? நீயெல்லாம் மனுஷனா?” என்று பக்கத்து வீடு கேட்கக் கத்தினேன். உன் மணிக்கட்டை நான் பார்க்கவில்லை, அண்ணா. பார்த்திருந்தால் அதிலும் இருந்திருக்கும்.

உன்னைப் பற்றி ஊரெல்லாம் நான் பெருமையாகச் சொன்னேனே, அது உனக்காக இல்லை. இப்போது தெரிகிறது. நீ அவ்வளவு உயர்ந்த பிள்ளை என்றால் நான் வராததை யாரும் கேட்க மாட்டார்கள். நானே என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியதில்லை. “நீ ஏன் கூடப் போகலை?” என்று தலைமை நர்ஸ் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்க இடம் கொடுக்காத மாதிரி சொல்லி வைத்திருந்தேன்.

மன்னித்தேன் என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா, உங்கள் அண்ணன் இப்போது நன்றாகத் தூங்குகிறாரா என்று கேட்டார். தூங்குகிறார் என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தெரியாது. நீதான் எழுத வேண்டும்.

வாண்டு


நவம்பர் 24

அன்புள்ள வாண்டுவுக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததை மாப்பிள்ளை பக்கத்து வீட்டுப் போனில் சொன்னார். பாப்பாவுக்குப் புதுப் பல் முளைத்துவிட்டதாமே! இத்தனை நாள் பதில் போடாததற்கு மிஷின் பழுது என்று எழுத வந்தேன். எழுதவில்லை. ஐந்து தடவை ஆரம்பித்து ஐந்தையும் கிழித்தேன். அவ்வளவுதான்.

தூக்கத்தைப் பற்றிக் கேட்டாய். இல்லை. இப்போது யாரும் எழுப்புவதில்லை, இருந்தாலும் இல்லை.

அன்று நீ கத்தியதைப் பற்றி எழுதியிருந்தாய். நீ கத்தியது தப்பு. ஆனால் நீ ஊருக்குக் கிளம்பியபோது, அப்பாடா என்று எனக்கு இருந்தது. துணைக்கு இரு என்று நான் கேட்டிருக்கலாம். ஒரு கடிதத்தில்கூட, என்னால் முடியவில்லை என்று எழுதவில்லை. நல்ல பிள்ளை என்ற பேர் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அதனால் முழுப் பழியையும் நீ எடுத்துக்கொள்ளாதே. எனக்கும் மிச்சம் வை.

நேற்று முதலாளியிடம் நிஜமாகவே லீவு கேட்டேன். “எதுக்கு?” என்றார். “ஒருத்தங்களப் பாக்கணும்” என்றேன். “போயிட்டு வா, உன் மேசையை நான் பாத்துக்கறேன்” என்றார். ஜனவரி முதல் வாரம். மூன்று நாள் போதும். கோபுரம், தோட்டம் எதற்கும் போகமாட்டேன்.

ஒரு உதவி செய். மெத்தைக்காரர் மருமகளுக்கு ஒரு கடிதம் போடு. “அன்னைக்கு எதிர்ல நின்னது நான்தான். மொத நாளே வந்துட்டேன்.” இதை அவர்கள் பாஷையில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, நம் எழுத்தில் எழுதி அனுப்பு. அவர்களுக்குத் தெரியும் என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் அதை இன்னொருவர் மாற்றிச் சொல்லக் கூடாது. என் வாயால் வர வேண்டும்.

புதுப் பாஷை எனக்குச் சீக்கிரம் மனப்பாடம் ஆகாது. தள்ளிப் போடாமல் இந்த வாரமே எழுதிவிடு.

அண்ணன்